ஒரு செகண்டில் நிற்கும் ஷட்டர்

பஸ் டிரைவர் அந்தக் கேமராவை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தபோது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் கோபம் முந்திக்கொள்ளும். மற்றதெல்லாம் பின்னால் ஆற அமர நடந்து வரும்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மறுபடியும் நிக்குது” என்றார்.

“எதுல நிக்குது?”

“ஒரு செகண்ட்ல வெச்சு அமுக்குனா திறந்துக்குது, மூட மாட்டேங்குது. விடியக்காலைல டிப்போவுல குளிர்ல எடுக்கறப்பதான் இப்படி. மத்த நேரம் ஓடிடுது. இந்தாங்க, நீங்களே பாருங்க.”

ஓர் உறையிலிருந்து மூன்று படங்களை எடுத்துப் போட்டார். முதல் நடை கிளம்புவதற்கு முன்னால் டிப்போவில் வரிசையாக நிற்கும் காலிப் பேருந்துகளைப் படம் பிடிப்பதில் அந்த மனிதருக்கு ஒரு பைத்தியம். நாள் முழுக்க ஓட்டுவது போதாதென்று அதையே படமும் எடுக்கிறார். மூன்று படத்திலும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளைதான் தெரிந்தது. ஒன்றில் மட்டும் ஓரத்தில் பாதிச் சக்கரம் இருந்தது.

கேமராவைத் திறந்தேன். சின்னப் புத்தகம்போல மடங்கும் பழைய ஃபிலிம் கேமரா அது. மூடியைத் தள்ளினால் கறுப்புத் துருத்தியோடு லென்ஸ் முன்னால் வந்து நிற்கும். லென்ஸுக்கு நடுவில்தான் ஷட்டர். ஐந்து மெல்லிய எஃகு இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். பொத்தானை அமுக்கினால் அவை விலகி வெளிச்சத்தை உள்ளே விட்டு மறுபடி மூடிக்கொள்ளும். கண் இமைப்பது மாதிரிதான். வேகமாக இமைக்க ஸ்பிரிங் போதும். ஒரு செகண்ட் முழுக்கத் திறந்திருக்க வேண்டுமென்றால், இலைகளை விடாமல் இழுத்துப் பிடித்து மெதுவாக விட ஒரு பல்சக்கரக் கூட்டம் உள்ளே இருக்கிறது. மொத்தமும் கட்டைவிரல் நகத்தளவுதான். அது ஓடும்போது ‘ஸ்ர்ர்ர்’ என்று மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தம் சீராக இருந்தால் ஷட்டர் நன்றாக இருக்கிறது. தடுமாறினால் எங்கோ பிசுக்கு இருக்கிறது. நாளைக்கு அது நிற்கும். ஷட்டர் பழுது பார்ப்பதில் பாதி வேலை காதுக்குத்தான்.

கேமராவைக் காதோரம் வைத்து அமுக்கினேன். இலைகள் திறந்தன, மூடின.

“நல்லாத்தானே இருக்கு? ஒரு தடங்கலும் இல்லாம வெண்ணெய் மாதிரி ஓடுது.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “தடங்கலே இல்லையா?”

“ஏன், இருக்கணுமா?”

“இல்லண்ணே… எனக்கு நடுவுல ஒரு திக்கல் கேக்குது. எஞ்சின் மிஸ் ஆகுற மாதிரி.”

“தம்பி, நீங்க பஸ்ஸை ஓட்டுங்க. இதை நான் பாத்துக்கறேன்.”

நல்ல கனத்த குரல் அவருக்கு. இரண்டாவது மாடியிலிருக்கும் என் கடையிலிருந்து அவர் பேசினால் கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்கும். அந்தக் குரல் கொஞ்சம் சுருங்கிப் போனது. “சரிங்கண்ணே. சனிக்கிழமை வரேன்” என்று படியிறங்கிவிட்டார். நான் அந்தப் படங்களைத் தூக்கி இழுப்பறையில் போட்டேன்.

அந்த வாரம் எனக்கு யாரோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஊருக்குப் போகிறாள். ஊருக்கு என்றால், இன்னொரு நகரத்திலிருக்கும் எங்கள் மகள் வீட்டுக்கு. மகளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, அவள் வேலையில் திரும்பச் சேர வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னோம். சொல்ல வசதியாகவும் இருந்தது.

ஆனால் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் குளிர்காலத் துணி, கோடைத் துணி எல்லாவற்றையும் எடுத்து வைப்பாளா? தையல் மெஷினை அட்டைப்பெட்டியில் போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி, வாசலருகே வைப்பாளா? அந்த மெஷின்தான் அவளுக்கு எல்லாம். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அதில் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டே அவள் ஒரு வாழ்க்கையை ஓட்டியிருக்கிறாள். அது போகிறதென்றால் அவள் போகிறாள், அவ்வளவுதான். அந்தப் பெட்டியை வாரம் முழுக்கச் சுற்றி நடந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

மகள் மட்டும் போனில் உடைத்துப் பேசினாள். “அப்பா, அம்மாவுக்கு அங்க பேச ஆளில்ல. நீங்க எதையும் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறீங்களாம். சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குதாம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் நினைத்துக்கொண்டிருந்தது நேர்மாறு. பேச்சை நிறுத்தியது அவள். இரண்டு வருடமாக வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள். முதலில் ‘என்ன, என்ன’ என்று கேட்டுப் பார்த்தேன். “ஒண்ணுமில்ல, விடுங்க” என்பாள். கேட்பதை நானும் விட்டுவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவளிடம் போய் யார் தொங்குவது?

அப்புறம் அந்த மழை நாள். முன்னறையில் உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு அவள் நின்று, பெல் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை இடித்தபிறகுதான் நான் எழுந்தேன். முந்தின நாள் எங்களுக்குள் சின்னச் சண்டை. வேண்டுமென்றே நிற்க வைத்தேன் என்று முடிவுகட்டிவிட்டாள். பெல் கெட்டுப்போயிருக்கும் என்றேன். அவள் ஈரப்புடவையோடு உள்ளே போனாள். இரண்டு நாள் கழித்து என் பக்கத்துக் கடை சாவிக்காரன், “அக்கா வந்து வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் பண்ணிக்கிட்டுப் போனாங்கண்ணே” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டிரைவர் போனபிறகு கேமராவைப் பிரித்தேன். முன்னால் இருக்கும் வளையத்தைத் திருகி எடுத்து, வேகம் காட்டும் தட்டைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கண்முன்னால் தெரியும். முதல் இரண்டு தடவையும் பல்சக்கரக் கூட்டத்தை வெளியே எடுக்காமல் பெட்ரோல் விட்டு அலசி, காயவைத்து, காதில் வைத்துப் பார்த்து மூடியிருந்தேன். சத்தத்தில் குறையில்லை என்றால் எதற்காகக் கழற்ற வேண்டும்? நன்றாக ஓடுவதைக் கழற்றுகிறவன் வேலை தெரியாதவன். இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு செகண்டில் வைத்து, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அமுக்கினேன். கூட்டத்தின் கடைசியில் நங்கூரம் மாதிரி ஒரு துண்டு எஃகு உண்டு. அதுதான் பல்லுக்குப் பல் தட்டித் தட்டி வேகத்தைக் குறைக்கும். சத்தம் வருவதும் அதிலிருந்துதான். அது இப்படியும் அப்படியும் படபடவென்று ஆடுவதைக் கண்ணால் பார்த்தேன். ஆடி முடித்தது. இலைகள் மூடின.

சத்தம் வரவில்லை.

கீழே போக்குவரத்து இரைச்சல் என்று ஜன்னலைச் சாத்தினேன். மறுபடி அமுக்கினேன். எஃகு படபடத்தது. எனக்கு ஊமைப்படம் ஓடியது. இது எப்படி முடியும்? இரும்பும் இரும்பும் தட்டிக்கொள்கின்றன. விரல் நுனியைக் கேமராவின் உடம்பில் வைத்துக்கொண்டு மூன்றாவது முறை அமுக்கினேன்.

விரலில் ஓடியது. ஸ்ர்ர்ர் என்று சின்ன அதிர்வு. நடுவில் ஒரு நொடிப்பு, ஒரு திணறல், மறுபடி ஸ்ர்ர்ர். டிரைவர் சொன்ன அதே திக்கல். என் விரலுக்குத் தெரிகிறது, என் காதுக்குத் தெரியவில்லை.

பழுதுக்கு வந்திருந்த பழைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று அலமாரியில் கிடந்தது. சாவி கொடுத்து வலது காதில் வைத்தேன், இடது காதில் வைத்தேன். முள் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் சாய்ந்தேன். எனக்கு வந்தது பயம் என்று சொல்ல மாட்டேன். ஒரே களைப்பு. நீண்ட தூரம் நடந்து வந்து, வந்தது வேறு தெரு என்று யாரோ சொன்னால் வருமே, அந்தக் களைப்பு.

செவிடு என்றால் எதுவுமே கேட்காதவன் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு லாரி ஹாரன் கேட்கிறது. டிரைவர் பேசினால் கேட்கிறது. சாவிக்காரன் அரம் தேய்ப்பது கேட்கிறது. மெலிந்த சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறது. போனது தெரிந்தால்தானே தேட? என் மாப்பிள்ளை ஒரு நல்லெண்ணத்தில் ஷட்டர் வேகம் அளக்கும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். “காது இருக்கறப்ப எனக்கெதுக்கு மாப்பிள்ளை மெஷின்?” என்று எல்லோர் முன்னாலும் அவரைச் சிறுத்துப்போக வைத்துவிட்டு அதை அலமாரி மேல் போட்டிருந்தேன். தூசியைத் துடைத்து அதை இறக்கினேன். கேமராவை வைத்து அமுக்கினேன். ஒரு செகண்டுக்கு ஒரு துளி கூட என்றது. அதன் கணக்கில் எல்லாம் சரி. மொத்தம் எவ்வளவு என்று மெஷின் சொல்லும். நடுவில் தடுமாறியதைச் சொல்லாது.

சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். கையில் சாவி இருந்தும் காலிங் பெல்லை அமுக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அமுக்கினேன். மூன்றாவது தடவை அமுக்கும்போது கதவு திறந்தது.

“எத்தனை தடவை அடிப்பீங்க? வந்துக்கிட்டுதானே இருக்கேன்? சாவி எங்க?” என்றாள் என் மனைவி.

பெல் கெட்டுப்போகவில்லை. மழை நாளிலும் கெட்டுப்போயிருக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, தையல் மெஷின் பெட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாயில் வரவில்லை. என் காதைப் பற்றி நான் அடித்த பெருமையெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

மறுநாள் வேலையை ஒழுங்காகச் செய்தேன். இரண்டு திருகைக் கழற்றி, பல்சக்கரக் கூட்டத்தை முழுசாக வெளியே எடுத்து, பெட்ரோலில் ஊறப்போட்டேன். பழுப்பு நிறத்தில் பிசுக்கு கரைந்து வந்தது. யாரோ எந்தக் காலத்திலோ அன்பு மிகுந்து எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய் காய்ந்தால் கோந்தாகிவிடும். குளிரில் அது இறுகும், ஷட்டர் திறந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒவ்வொரு அச்சின் குழியையும் பல் குத்தும் குச்சியைச் சீவித் துடைத்தேன். ஊசி முனையில் தொட்ட எண்ணெயை அச்சில் மட்டும் வைத்தேன், நங்கூரத்தில் வைக்கவில்லை. திருப்பி மாட்டினேன்.

இப்போது கேட்டுப் பார்க்க ஒரு காது வேண்டும். விரலால் கொஞ்சம் தெரியும், கடைசி நுணுக்கம் தெரியாது. பல்லும் பல்லும் எவ்வளவு ஆழமாகக் கோர்க்கின்றன என்பதைத் திருகைத் தளர்த்தி மயிரிழை நகர்த்தி வைக்க வேண்டும். அதைச் சத்தம்தான் சொல்லும். சாவிக்காரனைக் கூப்பிடலாம். ஆனால் அவனிடம் சொல்வதும் கட்டடத்து வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதும் ஒன்று. கேமராவையும் திருப்புளிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மதியமே வீட்டுக்கு வந்தேன். டிப்போ குளிர் எனக்கு எங்கே கிடைக்கும்? ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் கேமராவோடு வந்து முன்னால் நின்றாள். “தக்காளிக்குப் பக்கத்துல இது என்ன?”

“குளிரட்டும்னு வெச்சேன். வெளிய எடுக்காதே, உள்ள வை.”

“எனக்கு இன்னும் ரெண்டு நாள்தான். அப்புறம் ஃபிரிட்ஜ் பூரா கேமராவா அடுக்கிக்குங்க” என்று திரும்ப வைக்கப் போனாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது முழுசாகப் புரிந்தது.

“ஒரு உதவி வேணும்” என்றேன்.

அவள் நின்றாள். அந்த வார்த்தையை அந்த வீட்டில் நான் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

“இப்படி உட்காரு. இதை நான் அமுக்குவேன். சத்தம் சீரா வருதா, நடுவுல திக்குதான்னு கேட்டுச் சொல்லு.”

“நான் எதுக்கு? உங்க காதுதான் மெஷினைவிட ஒசத்தியாச்சே.”

“சொல்றதைச் செய்யேன்!”

பெருமூச்சு விட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பையைப் பிரித்து அமுக்கினேன். அவள் தலையைக் குனிந்து, காதைக் கேமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து கேட்டாள். குனிந்தபடியே ஏதோ சொன்னாள்.

“என்ன?”

மறுபடியும் குனிந்துகொண்டே சொன்னாள்.

“நிமிந்து சொல்லித் தொலையேன்!” என்று கத்திவிட்டேன்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “திக்குதுன்னுதானே சொல்றேன்? இதுக்கு எதுக்குக் கத்தறீங்க? வீட்டை விட்டுப் போறப்பவாவது கத்தாம…”

“கேக்கல.”

“எது?”

“நீ சொன்னது. இது ஓடற சத்தம். காலிங் பெல். கடிகாரம். எனக்கு எதுவும் கேக்கல.”

 ஏதாவது சொல்லி எனக்குக் கேட்காமல் போயிருக்குமோ என்று அவள் உதட்டைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

“விளையாடறீங்களா?” என்றாள். “டிவி கேக்குது. அந்த டிரைவர்கிட்ட போன்ல பேசறீங்க.”

“பெருங்குரல் கேக்குது. உன் குரல் மெலிசு.”

“என் குரல் எப்பவும் இதானே?”

“முன்னாடி கேட்டுச்சு.”

“அப்ப அந்த மழை…”

“அடிச்சதே தெரியாது. சத்தியமா.”

“யார்மேல சத்தியம்?”

“இந்தக் கேமராமேல. நீ நம்பறதுக்கு வேற எதுமேல பண்ணட்டும்?”

சிரிப்பு வந்த மாதிரி அவள் வாய் கோணியது. சிரிப்பு வரவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எத்தனை நாளாங்க?”

“தெரியல. உனக்குத்தான் தெரியும்.”

அது அவளுக்கு உறைத்தது. நான் பதில் சொல்லாமல் போன நாட்களையெல்லாம் எண்ணி வைத்திருந்தவள் அவள்தானே.

திருகைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, இறுக்கி, அமுக்கினேன். அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இந்தத் தடவை முகத்தை முழுசாக என் பக்கம் தூக்கி, “திக்குது” என்றாள். மறுபடி நகர்த்தினேன். “இன்னும் கொஞ்சம் இருக்கு.” மறுபடி. “முன்னாடியே தேவல.” பின்னால் நகர்த்தினேன். பழுது பார்க்கும்போது பக்கத்தில் யார் நின்றாலும் எனக்கு ஆகாது. அன்று மேஜைக்குக் குறுக்கே தலைக்குத் தலை முட்டுகிற மாதிரி உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் அவள் முகம் நிமிர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது, “ம். ஒரே சீரா வருது. என் மெஷின் மாதிரியே வருது” என்றாள்.

“இன்னொரு தடவை குளிர வெச்சுப் பாக்கணும்.”

கேமராவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் கிடந்த திருப்புளிகளைச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்” என்றாள். “போன மாசம். நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பின்னாடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. திரும்பிப் பாத்துக் கேக்க எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. குழாயைப் பாத்துக்கிட்டே கேட்டேன்.”

“என்ன கேட்ட?”

“போகவேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன்னு சொன்னேன்.”

அவள் இன்னொரு திருப்புளியை எடுத்து வரிசையில் வைத்தாள்.

“நீங்க ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டு முடிச்சீங்க. தட்டைக் கொண்டாந்து எம் பக்கத்துல வெச்சீங்க. போயிட்டீங்க. சரி, இதான் பதில்னு எடுத்துக்கிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே பொண்ணுக்கு போன் பண்ணி வரேன்னுட்டேன்.”

அந்தச் சாப்பாடு எனக்கு நினைவிருந்தது. அதுதான் கொடுமை. எத்தனையோ நாளுக்குப் பிறகு சண்டையில்லாமல், பேச்சில்லாமல் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன் என்று அன்று நினைத்தேன். அவள் என்மேல் கோபத்தை விட்டுவிட்டாள் என்றுகூட நினைத்தேன். அந்த நல்லெண்ணத்தில்தான் தட்டை நானே எடுத்துப்போய் அவள் பக்கத்தில் வைத்தேன்.

“போகாதே” என்றேன்.

அவள் திருப்புளிகளை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். “இப்பச் சொல்லி என்னங்க பண்றது? திங்கக்கிழமை அவ வேலைல சேரணும். என்னை நம்பித்தான் சரின்னு சொல்லியிருக்கா. நான் ஒரு நாளைக்கு ஒண்ணு பேச முடியுமா?” முகத்தை என் பக்கம் தூக்கிச் சொன்னாள்: “எனக்கும் அசதியா இருக்கு. ரெண்டு வருஷம் தனியா பேசியிருக்கேன். காது கேக்கலைன்னு தெரிஞ்சுட்டதுனால அந்த அசதி போயிடுமா?”

கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். அதனால் எல்லாமே கேட்டது.

குளிரிலிருந்து எடுத்து அமுக்கியபோது ஷட்டர் ஒழுங்காக ஓடி மூடியது. “சரியா இருக்கு” என்றாள். இருவருக்குமே அதில் சந்தோஷப்படத் தெம்பில்லை.

சனிக்கிழமை டிரைவர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேமராவை எடுத்து, ஒரு செகண்டில் வைத்து, காதில் பொருத்தி அமுக்கினார். முகம் மலர்ந்தது.

“திக்கல் போயிடுச்சுண்ணே! எதுல இருந்துச்சு?”

“என் காதுல” என்றேன். “நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு அந்தச் சத்தம் கேக்கல தம்பி. என் சம்சாரம் கேட்டுச் சொன்னா, நான் சரி பண்ணினேன்.”

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். பக்கத்துக் கடையில் சாவிக்காரனின் அரம் நின்றுவிட்டது. நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது என்று புரிந்தது. ஒட்டட்டும்.

“அப்ப இனிமே அக்கா கடைக்கு வருவாங்களா?” என்றார் டிரைவர்.

“நாளைக்கு ஊருக்குப் போறா” என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை கொடுத்த மெஷினை எதற்கோ இன்னொரு தடவை துடைத்தேன்.

ஞாயிறு காலை டாக்சி வந்தது. தையல் மெஷின் இருந்த பெட்டியை டாக்சிக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று மாடி இறக்கினோம். அவள் அதை விட்டுவிட்டுப் போவாள் என்று முந்தின நாள் முழுக்க ஓர் ஆசை இருந்தது. பேத்திக்குச் சட்டை தைக்க வேண்டுமாம். நான் தடுக்கவில்லை. பின் சீட்டில் அது பத்திரமாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

அவள் முன்னறையில் கைப்பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தாள். மேஜைமேல் ஒரு சீட்டில் காது டாக்டரின் போன் நம்பர் எழுதி, மேலே உப்பு டப்பாவை வைத்திருந்தாள். ஃபிரிட்ஜில் எது எங்கே இருக்கிறது என்பதை முந்தின நாளே முகத்துக்கு நேராக நின்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

“திரும்பி வருவியா?” என்று கேட்டேன்.

வாரம் முழுக்கக் கேட்கப் பயந்த கேள்வி. அவள் ஜிப்பை இழுத்துக்கொண்டே ஏதோ சொன்னாள். தோள் அசைந்ததும் கன்னம் அசைந்ததும்தான் எனக்குத் தெரிந்தது. பழைய ஆளாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் பையைத் தூக்கியிருப்பேன். எனக்கு எது சௌகரியமோ அதைச் சொன்னதாக வைத்துக்கொண்டிருப்பேன்.

“கேக்கல” என்றேன்.

ஜிப் மூடிக்கொண்டது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். திரும்பி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அது நன்றாகக் கேட்டது.

“வருவேன்னு சொன்னேன்” என்றாள், வாயை நன்றாகத் திறந்து, சத்தமாக.

குனிந்திருந்தபோதும் அதைத்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. ‘தெரியல’ என்று சொல்லியிருக்கலாம். ‘பாக்கலாம்’ என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை. முகத்துக்கு நேராகச் சொன்னதை வாங்கிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் படியிறங்கினேன்.